வீட்டின் தட்பமும் வெப்பமும்



தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்கு வந்து குடியேறிய நமக்கு, இங்குள்ள வானிலை ஆண்டுக்கு இருமுறை பாடம் கற்பிக்கிறது. மே, ஜூன் மாதங்களில் ‘லூ’ என்னும் அனற்காற்று வீச, வெப்பம் சில நாட்களில் 45 டிகிரியை எட்டுகிறது. ஜனவரி இரவுகளிலோ 5 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. மின்விசிறி ஒன்றையே நம்பி வளர்ந்த நாம், இங்கு கூலர், குளிர்சாதனம், ஹீட்டர் ஆகிய மூன்றையும் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அவை பழையனவாகும்போது எவ்வாறு பேணுவது, எப்போது மாற்றுவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஓர் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஹீட்டரின் கம்பி அறுந்துபோயிற்று. இனி அடுத்த குளிருக்குத்தானே என்று அதைப் பரண்மேல் ஏற்றிவிட்டோம். மார்கழியில் ஊரிலிருந்து தாயார் வந்தார்கள். அன்றிரவு குளிர் கடுமை. பக்கத்து வீட்டிலிருந்து அங்கீட்டி ஒன்றை வாங்கிக் கரி மூட்டி, கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டுப் படுத்தோம். நள்ளிரவில், “தலை சுற்றுகிறதடா, கதவைத் திற” என்று தாயாரின் குரல் கேட்டது. எழுந்தால் எங்கள் கால்களும் துவண்டன. எப்படியோ கதவைத் திறந்து, அவர்களைத் தாங்கிப் பிடித்து வெளியே கொணர்ந்தோம். மருத்துவமனையில் பிராணவாயு கொடுத்தபின் தெளிந்தார்கள். கரி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குவோரை உறக்கத்திலேயே கொண்டுபோய்விடும். சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய பழுதைத் தள்ளிப்போட்டதற்கு நாங்கள் கொடுக்கவிருந்த விலை அது! மூடிய அறையில் கரியடுப்பு எக்காலத்திலும் ஆகாது. காற்றோட்டமில்லாத குளியலறையில் எரியும் கேஸ் கீசரும் அவ்வாறே ஆபத்தானது.

இனி, கூலரைப் பார்ப்போம். மண்பானை நீரைக் குளிர்விக்கும் அதே தத்துவந்தான் இதிலும் உள்ளது. நீர் ஆவியாகும்போது காற்றிலுள்ள வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. வடநாட்டார் ‘கஸ்’ என்று தட்டியில் கட்டி நனைப்பது வேறொன்றுமன்று, நம் வெட்டிவேரே. உலர்ந்த காற்றில் இது நன்றாக வேலை செய்யும். மழை தொடங்கி ஈரம் மிகுந்தபின் குளிரவில்லையென்று கூலரைக் குறைசொல்வதில் பயனில்லை. காற்று வெளியேற எதிர்ப்புறச் சன்னலைச் சற்றுத் திறந்துவைக்கவேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறோம்.

பழைய கூலருக்குச் செய்யவேண்டியவை மூன்று. கோடைக்கு முன் தொட்டியின் துருவைச் சுரண்டி வண்ணம் பூசி, உப்புப் படிந்த தட்டிகளை மாற்றுவது முதலாவது. வாரம் ஒருமுறை நீரை முற்றிலும் வடித்து, தொட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவி உலரவிடுவது இரண்டாவது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவின் முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரின்றியும் பல மாதம் உயிர்தரிக்கக் கூடியவை. ஆதலால் வடித்தால் மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும். மூன்றாவது, மின் பாதுகாப்பு. இரும்புப் பெட்டி, நீர், மின்சாரம் மூன்றும் ஓரிடத்தில் கூடுவதால், நில இணைப்பு சரியாக உள்ளதா என்று மின்பணியாளரைக் கொண்டு சோதித்தல் இன்றியமையாதது. மின்கசிவு ஏற்பட்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவியைப் பொருத்துவது உயிருக்குக் காப்பு. பிளக்கைப் பிடுங்காமல் கூலரில் கைவைத்தலும் நீர் ஊற்றுதலும் கூடா.

குளிர்சாதனத்தின் காற்று வடிகட்டியை இரு வாரங்களுக்கு ஒருமுறை கழுவினால் மின்செலவு குறையும். பழுதுபார்க்க வருபவர் ‘கேஸ் குறைந்துவிட்டது’ என்று சொன்னால், எங்கே கசிகிறது என்று கேளுங்கள். அது எரிந்து தீரும் பொருளன்று. கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். பழைய இயந்திரங்கள் பலவற்றிலுள்ள ஆர்-22 என்னும் வாயு ஓசோன் படலத்தைக் கெடுப்பது. 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரீல் உடன்படிக்கையின்படி அது படிப்படியாக விலக்கப்பட்டு வருகிறது. அதற்கென அமைந்த இயந்திரத்தில் வேறு வாயுவை நிரப்பச் சம்மதிக்கலாகாது. கம்ப்ரசரே கெட்டுப்போனால், பழையதற்குச் செலவழிப்பதைவிடப் புதியது வாங்குவதே பெரும்பாலும் இலாபம்.

வாங்கும்போது நட்சத்திரக் குறியைப் பாருங்கள். இம்முறை 2006இல் தொடங்கியது. அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், அன்றைய ஐந்து நட்சத்திரமும் இன்றைய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. வெப்பமும் தட்பமும் தரும் இருவகை இயந்திரம் நமக்கு ஏற்றது. 2,000 வாட் ஹீட்டர் மணிக்கு 2 யூனிட் செலவழித்து அவ்வளவு வெப்பத்தையே தரும். இவ்வியந்திரமோ வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்து உள்ளே கொணர்வதால், தான் உண்ணும் மின்சாரத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வெப்பத்தைத் தரவல்லது. ஆனால் பழைய வீட்டின் மின்கம்பிகள் அச்சுமையைத் தாங்குமா என்று பார்த்துவிட்டே வாங்கவேண்டும். வாடகை வீடாயின் வீட்டுக்காரரிடம் முன்னரே பேசிக்கொள்வது நலம். மேற்குச் சன்னலுக்கு மூங்கில் தட்டியும், மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சும் இட்டால், எந்த இயந்திரத்துக்கும் பாரம் குறையும்.

நினைவிற்கொள்ள எளிய வழியொன்று உண்டு. தீபாவளிக்கு முன் ஹீட்டரையும், ஹோலிக்கு முன் கூலரையும் சோதித்துவிடுவோம். பருவம் முடிந்து ஒன்றைப் பரணில் ஏற்றுமுன், அதன் பழுதை நீக்கிவிட்டே ஏற்றுவோம். எங்கள் வீட்டில் இப்போது அதுவே வழக்கம். தாயார் அடுத்த மார்கழிக்கும் வந்தார்கள். சூடான ஹீட்டரின் அருகே அமர்ந்து, சன்னலைச் சிறிது திறந்துவைக்கச் சொன்னார்கள்.