வியன்னாவில் ஒரு பதவியேற்பு

2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 4. ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் புதிய அமைச்சரவை பதவியேற்ற நாள். சான்சலர் அலுவலகமும் அதிபர் மாளிகையும் எதிரெதிரே இருப்பவை. ஆனால் நடுவிலிருந்த சதுக்கத்தை எதிர்ப்பாளர்கள் நிறைத்துவிட்டதால், அமைச்சர்கள் தரைக்கடியிலுள்ள சுரங்கப்பாதை வழியே போக வேண்டியதாயிற்று. பிரமாணம் செய்துவைத்த அதிபர் தாமஸ் கிளெஸ்டில் முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. முன்மொழியப்பட்ட இரண்டு பேரை அமைச்சராக்க முடியாது என்று அவர் முன்பே மறுத்திருந்தார்.

அவர்கள் இருவரும் சுதந்திரக் கட்சிக்காரர்கள். அக்கட்சியின் முதல் தலைவரே முன்னாள் நாஜி எஸ்.எஸ். அதிகாரி. அப்போதைய தலைவர் யோர்க் ஹைடர், ஹிட்லர் ஆட்சியின் வேலைவாய்ப்புக் கொள்கையைப் புகழ்ந்து 1991-இல் மாநில ஆளுநர் பதவியை இழந்தவர். 1999 தேர்தலில் இக்கட்சி ஏறக்குறைய 27 சதவீத வாக்குகளோடு இரண்டாமிடம் பிடித்தது. வெறும் 415 வாக்கில் பின்தங்கிய மக்கள் கட்சியின் தலைவர் வோல்ஃப்காங் ஷுஸ்ஸல், அதனோடு கூட்டுச் சேர்ந்து சான்சலர் ஆனார்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மற்ற 14 நாடுகளும் உடனே எதிர்த்தன. பொருளாதாரத் தடை எதையும் அவை விதிக்கவில்லை. ஆஸ்திரிய அரசோடு இருதரப்பு அரசியல் தொடர்பு கிடையாது, சர்வதேசப் பதவிகளுக்கு ஆஸ்திரியர்களை ஆதரிப்பதில்லை, அதன் தூதர்களை அதிகாரிகள் மட்டத்தில் மட்டுமே சந்திப்பது. இவ்வளவுதான். இஸ்ரேல் தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

அந்தக் கோபம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். யூதர்களைக் கொன்று குவித்த கண்டத்தில், ஹிட்லர் ஆட்சியைப் புகழ்ந்த ஒருவரின் கட்சி அதிகாரத்துக்கு வரும்போது அண்டை நாடுகள் வாய்மூடி இருக்கக் கூடாது. ஆனால் அடி விழுந்த இடம் தவறு. கட்சியைக் குறிவைத்தது நாட்டின் மேல் விழுந்தது. 'நம் வாக்குக்கு வெளியார் தண்டனையா' என்று, ஹைடரை வெறுத்தவர்கள்கூடக் கொதித்தார்கள். இத்தனைக்கும் பிப்ரவரி 19 அன்று வியன்னாவின் மாவீரர் சதுக்கத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டு அந்த அரசை எதிர்த்திருந்தனர். அவர்களுக்குத் துணை நின்றிருக்க வேண்டிய நடவடிக்கை, ஷுஸ்ஸலுக்கே கேடயமாகிப்போனது.

இன்னொரு குறை, எது நடந்தால் விலக்கிக்கொள்வோம் என்று அந்த நாடுகள் சொல்லவே இல்லை. கடைசியில் பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அஹ்திசாரி உள்ளிட்ட மூவர் குழு அறிக்கை தந்தது. நடவடிக்கை தொடர்ந்தால் எதிர்விளைவுதான் வரும் என்றது. செப்டம்பரில் எல்லாம் நீங்கின. நீஸ் ஒப்பந்தத்தில், உறுப்பு நாட்டை முன்கூட்டியே எச்சரிக்கும் விதி சேர்ந்தது மட்டுமே மிச்சம்.

2017-இல் அதே சுதந்திரக் கட்சி மீண்டும் ஆட்சியில் பங்கேற்றது. இஸ்ரேல் மட்டும் அக்கட்சி அமைச்சர்களைத் தவிர்த்தது. ஐரோப்பிய நாடுகளோ இம்முறை எந்த எதிர் நடவடிக்கையும் எடுக்கவில்லை. 2000-இன் அவசரத்தைவிட இந்த மௌனமே எனக்குப் பெரிய தவறாகத் தெரிகிறது. 2024 செப்டம்பர் தேர்தலில் சுதந்திரக் கட்சி ஏறத்தாழ 29 சதவீத வாக்குகள் பெற்று, தன் வரலாற்றில் முதன்முறையாக நாடாளுமன்றத் தேர்தலில் முதலிடம் பிடித்தது.