கட்டுண்ட கை மலிவானதா?

(மேட்டுப்பாளையத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அடிமை உழைப்பு அறமற்றதே ஆயினும் மலிவானது என்பார் உளர். அக் கூற்றைக் கணக்கின் வழியிலேயே ஆய்ந்து பார்ப்போம்.

1776-இல் வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' என்னும் நூலில், அடிமையின் உழைப்பே முடிவில் விலை மிகுந்தது என்றார் ஆதாம் சுமித்து. தனக்கென எதனையும் ஈட்டவியலாதவன் மிகுதியாக உண்ணவும் குறைவாக உழைக்கவுமே விரும்புவான் என்பது அவர் காட்டிய கரணியம்.

நம் ஊருக்கு மேலே நிற்கும் நீலமலையே இதற்குச் சான்று. 1860-களில் நடுவட்டத்துக் கொயினாத் தோட்டத்தில் ஆங்கில அரசு சீனச் சிறையாளர்களைக் கொண்டு வேலை வாங்கியது. கூலி மிச்சம்! ஆனால், தோட்டத்தோடு சிறையும் எழுந்தது, காவலும் வேண்டியதாயிற்று. அச் சிறைக்கட்டடம் இன்றும் நிற்கின்றது.

மலைத்தோட்டங்களுக்குக் கங்காணிகள் முன்பணங் கொடுத்து ஏழையரை இட்டுச் சென்றதையும் எண்ணுங்கள். முன்பணம் பெற்றவன் வேலையை விட்டகன்றால் அவனைத் தண்டிக்க 1859-இலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. கூலி தக்கதாயின் சிறையச்சம் எதற்கு?

இழப்புத் தரும் முறை பின் எவ்வாறு நீடித்தது? ஆதாயம் ஒருவனுக்கும் இழப்புப் பிறர்க்கும் சென்றமையால் நீடித்தது. சிறையின் செலவு மக்கள் வரிப்பணம்; கெட்ட உடலும் கல்லாப் பிள்ளைகளும் உழைப்பாளி வீட்டு இழப்பு. முதலாளியின் கணக்கேட்டில் இவை ஏறுவதில்லை. விலகிச் செல்லும் உரிமையுடையவனை நிறுத்திக்கொள்ளவோ நல்ல கூலியும் நல்ல கருவியும் தந்தாக வேண்டும். தொழில் வளர்வது அவ்வழியில்தான்.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமைக் கடன்களை நீக்கியது. அரசு வகுத்த குறைந்த அளவுக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வறுமையும் ஒரு தளை என ஏற்றது. அதன் பின்னரும் கொங்குநாட்டு நூலாலைகள் சிலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்னும் பெயரால் இளம்பெண்கள் மூன்றாண்டு வரை விடுதிகளில் கட்டுண்டிருந்தனர். மொத்தத் தொகை இறுதியில்தான். இடையில் விலகினால் அதனை இழந்தோரும் உளர். விலங்குக்கு மங்கலப் பெயர்!

பெருமக்களே! உங்கள் தெருப் பெண்பிள்ளை வேலைக்குப் புறப்படுகையில் மூன்று வினாக்களைக் கேளுங்கள். கூலி திங்கள்தோறும் முழுமையாகக் கைக்கு வருமா? விரும்பிய நாளில் வெளியேற இயலுமா? வாங்கிய கடனுக்கு அவள் உழைப்பு ஈடா? விடை தவறாயின், அவ் வேலையின் மலிவுக்கு விலை கொடுப்பவள் அவளே என்று உணருங்கள். அவளுக்காக வாய் திறவுங்கள்.