முதல் செலவு மொட்டை மாடிக்கு

ஆர்.கே.பேட்டையில எங்க சித்தப்பா புது வீடு கட்டுறார். முன்னால தறிக்கூடம், பின்னால குடித்தனம், ஒரே தளம், மேல கான்கிரீட் கூரை. கையில இருக்கிற காசுக்கு ஒண்ணு சுவர் பூரா ஏஏசி பிளாக் வைக்கலாம், இல்லேன்னா கூரைக்கு வெப்பத் தடுப்பு போடலாம். ரெண்டும் முடியாது. மேஸ்திரி பிளாக் பக்கம். நான் கூரை பக்கம்.

யூடியூப்ல வர்ற அமெரிக்க வீடியோக்களை முதல்ல ஓரமா வச்சிடுங்க. அங்கே சரிவான கூரைக்குக் கீழே அட்டிக் இருக்கும், அதுல கண்ணாடி இழைப் பஞ்சை அடைப்பாங்க. நமக்கு அட்டிக் ஏது? மொட்டை மாடிதான். நம்ம பக்கம் ஏப்ரல் கடைசியில சூரியன் நடு மத்தியானம் கிட்டத்தட்ட நேர் உச்சியில நிக்கும். சுவர் மேல வெயில் சாய்ஞ்சு விழும், கூரை மேல முழுசா விழும். அந்தச் சூட்டை வாங்கி வச்சுக்கிட்டு கான்கிரீட் ராத்திரி பூரா கீழே இறக்கும். பத்து மணிக்கு ஃபேன் போட்டா அனல் காத்து வருதே, அதுக்குக் காரணம் இதுதான்.

கொஞ்சம் கணக்கு பார்ப்போம். யு-வேல்யூன்னு ஒரு எண் இருக்கு. வெளியேயும் உள்ளேயும் 1 டிகிரி வித்தியாசம் இருந்தா, ஒரு சதுர மீட்டர் வழியா எத்தனை வாட் வெப்பம் கடக்குதுன்னு அது சொல்லும். 6 அங்குல வெறும் கான்கிரீட்டுக்கு அது 3.3 பக்கம் வரும். மத்திய அரசு 2018ல கொண்டு வந்த 'இகோ நிவாஸ் சம்ஹிதா' கூரைக்கு 1.2க்கு மேல போகக்கூடாதுன்னு சொல்லுது. அந்த விதி பெரிய மனைகளுக்குத்தான், ஆனா அளவுகோலா நாமும் வச்சுக்கலாம். செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டு மேல தட்டோடு பதிக்கிற பழைய முறை மழைக்கு நல்லது, சூட்டையும் ஓரளவு குறைக்கும். ஆனா 1.2க்கு இறங்காது. 50 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் போர்டு பரப்பினா 0.5 பக்கம் வந்துடும்.

போர்டை கான்கிரீட்டுக்கு மேல போடணும். கீழே ஃபால்ஸ் சீலிங்ல தெர்மாகோல் ஒட்டினா கான்கிரீட் வழக்கம்போல காயும், தீப்பிடிக்கிற பயம் வேற. தறிக்கூடத்துல அதை நினைச்சே பார்க்காதீங்க. வரிசை இதுதான்: கான்கிரீட், நீர்க்கசிவுத் தடுப்பு, போர்டு, வாட்டத்தோட சிமெண்ட் பூச்சு, வெள்ளை டைல்ஸ். வெள்ளை பெயிண்ட் மட்டும் அடிச்சாலும் பலன் உண்டு, செலவும் குறைவு. ஆனா நம்ம ஊர்த் தூசி படிஞ்சா பாதி வேலை போச்சு, கழுவிக்கிட்டே இருக்கணும்.

சுவர்ல மேற்குப் பக்கம் மட்டும்தான் என் கவலை. மாடிப்படி, பாத்ரூம், ஸ்டோர் ரூமை அங்கே தள்ளிட்டாலே செங்கல் போதும். தறி மோட்டாரும் ஆளுங்களும் உள்ளேயே சூடு கிளப்புவாங்க, அதனால எதிரெதிர் ஜன்னலும் மேல வெண்டிலேட்டரும் கட்டாயம். இல்லாட்டி வெளிச்சூட்டை நிறுத்திட்டு உள்சூட்டைப் பூட்டி வச்ச மாதிரி ஆயிடும்.

மேஸ்திரி ஒரு நியாயமான கேள்வி கேட்டார்: "போர்டுக்கு அடியில ஒழுகினா எப்படித் தம்பி கண்டுபிடிப்பே?" அப்புறம் கண்டுபிடிக்கிறது கஷ்டம்தான். அதனால நீர்க்கசிவுத் தடுப்பு முடிஞ்சதும் மாடியில ரெண்டு நாள் தண்ணி கட்டி வைக்கணும். கீழே ஈரம் பூக்கலைன்னு பார்த்த பிறகுதான் போர்டு மேலே ஏறணும்.