பெயர் போட்டால் போதுமா?



அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 'குக்ஸ் சோர்ஸ்' என்றொரு சிறிய சமையல் இதழ் வந்துகொண்டிருந்தது. 2010-இல் அதில் பழங்கால ஆப்பிள் பை பற்றி ஒரு கட்டுரை வெளியானது. எழுதியவரின் பெயரும் கூடவே இருந்தது. அந்தப் பெண்மணிக்கோ எதுவும் தெரியாது. நண்பர் ஒருவர் விசாரித்த பிறகுதான், தாம் 2005-இல் இணையத்தில் வெளியிட்ட கட்டுரை அச்சேறியிருப்பது அவருக்குத் தெரிந்தது.

தமக்கென்று அவர் ஒரு காசும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் மன்னிப்பும், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளிக்கு 130 டாலர் நன்கொடையும்தான். இணையத்தில் இருப்பதெல்லாம் பொதுச்சொத்து என்று இதழாசிரியர் பதில் எழுதினார். கட்டுரையைச் செப்பனிட்டதற்கு எழுதியவர்தான் தமக்குப் பணம் தர வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். அப்படிச் 'செப்பனிட்டதில்' மாறிப்போனவை, பழைய ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் அவர் வேண்டுமென்றே காப்பாற்றி வைத்திருந்த எழுத்துக்கூட்டல்கள்!

கடிதம் வெளியே வந்தது. வாசகர்கள் பழைய இதழ்களைப் புரட்டினார்கள். வேறு பல கட்டுரைகளும் படங்களும் பிற தளங்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்று கண்டுபிடித்தார்கள். விளம்பரம் கொடுத்தவர்கள் விலகினார்கள். அதே ஆண்டு நவம்பரில் இதழ் நின்றுபோனது.

அந்தச் சமையல் முறை பல நூற்றாண்டுகள் பழையது; யார் வேண்டுமானாலும் சமைக்கலாம், அதைப் பற்றி எழுதலாம். அவர் தேடி, ஒப்பிட்டு, தம் நடையில் எழுதிய கட்டுரை மட்டும் அவருடையது. நம் நாட்டுச் சட்டமும் இதையேதான் சொல்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்து உருவானதுமே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்தாக வேண்டும் என்பதில்லை. எழுதியவரின் ஆயுள் முழுவதும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். விமர்சனத்துக்கும் ஆய்வுக்கும் அளவோடு எடுத்தாளச் சட்டம் இடம் தருகிறது. முழுக் கட்டுரையையும் எடுத்துப் போட்டுவிட்டு அடியில் 'நன்றி: இணையம்' என்று அச்சிடுவதற்கு அந்த இடம் போதாது. அப்படி அச்சிடும்போது, இராப்பகலாக உட்கார்ந்து எழுதிய ஒரு மனிதரின் பெயர் காணாமல் போய்விடுகிறது. இது வேதனையானது.

படங்களுக்கும் இதே கதிதான். 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்தைப் படமெடுத்த புகைப்படக்காரர் டேனியல் மோரல் தம் படங்களை ட்விட்டர் வழியே பகிர்ந்தார். வேறொருவர் அவற்றைத் தம்முடையவைபோல் காட்ட, ஏஎஃப்பி செய்தி நிறுவனமும் கெட்டி பட நிறுவனமும் உலகெங்கும் விநியோகித்தன. 2013-இல் நியூயார்க் நடுவர் குழு மோரலுக்கு 12 லட்சம் டாலருக்கு மேல் வழங்கச் சொன்னது.

இந்தியாவில் தெரிந்தே உரிமை மீறுவோருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. லாப நோக்கம் இல்லையென்றால் நீதிமன்றம் காரணம் பதிந்து தண்டனையைக் குறைக்கலாம். ஆகவே, ஆண்டு மலர் தயாரிப்போர் அச்சுக்கு அனுப்பும் முன்பே எழுதியவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். வரும் சம்மதத்தைக் கோப்பில் வையுங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பக்கத்தை உள்ளூர் எழுத்தாளர் ஒருவருக்குக் கொடுங்கள்.