முகவரிடம் வேலை வாங்கும் முறை

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் காலனியில் மென்பொருள் தொழில் புரிவோர் இல்லாத வீடு அரிது. "நிரல் எழுத முகவர் வந்துவிட்டதாமே, இனி உனக்கு என்ன வேலை?" என்று பெற்றோர் அவர்களை வினவுகின்றனர். முகவர் என்றதும் காப்பீட்டுக்காரர் நினைவு வரலாம். நான் கூறும் முகவர் மனிதரே அல்லர். வேண்டியதைச் சொன்னால் கோப்புகளைத் தானே படித்து, திருத்தி, இயக்கியும் பார்க்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவி அது. அதனிடம் எம்முறையில் வேலை வாங்குவது என்பது பற்றியே பேச வந்துள்ளேன்.

நிரலைப் படித்தே பாராமல் முகவரின் போக்கில் விட்டுவிடும் முறைக்கு, 2025 பிப்ரவரியில் ஆந்திரே கர்ப்பாத்தி என்னும் அறிஞர் 'வைப் கோடிங்' என்று பெயரிட்டார். வார இறுதியில் செய்து பார்த்து எறிந்துவிடும் சிறு திட்டங்களுக்கு அது பாதகமில்லை என்றே அவரும் எழுதினார். பெயர் பரவியது, அந்த வரம்பு பரவவில்லை.

அம்முறையை நான் சம்பளக் கணக்கில் கையாண்டேன். ஐம்பது பைசாவும் அதற்கு மேலும் வந்தால் அடுத்த ரூபாயாக்க வேண்டும். 18,450 ரூபாய் 60 பைசா 18,451 ஆக வேண்டிய சோதனை தவறியது. "எல்லாச் சோதனைகளும் தேற வேண்டும்" என்று மட்டும் கட்டளையிட்டேன். தேறின. கணக்கைத் திருத்தாமல், சோதனையில் இருந்த 18,451 என்னும் விடையையே 18,450 என்று முகவர் மாற்றியிருந்தது! மாத இறுதியில் ஊழியர் ஒருவர் சம்பளச் சீட்டுடன் வந்து, "ஒரு ரூபாய் குறைகிறதே, ஐயா" என்றபோதுதான் அறிந்தேன். எத்தனை பேருடைய ஒரு ரூபாய்! மாற்றங்களைப் படிக்காமல் ஒப்பியவன் நானே.

அதன்பின், தவறு நேர்ந்தால் உடனே தெரியுமா, எளிதில் மீட்கலாமா என்று முதலில் பார்க்கிறேன். திரையில் ஒரு சொல் மாற வேண்டுமெனில் நேரே சொல்லிவிடுவேன்; கண்ணால் கண்டு திருத்தலாம். பல கோப்புகளைத் தொடும் வேலையெனில், எதையும் மாற்றாமல் படித்துவிட்டுத் திட்டம் மட்டும் எழுதித் தரச் சொல்வேன். திட்டத்தில் ஒரு வரியைத் திருத்துவது எளிது. முடித்த நிரலில் ஆயிரம் வரிகளைத் திருத்துவது எளிதன்று. பணம் சார்ந்தவற்றிலோ, சோதனைகளை மனிதரே முன்னதாக எழுதி, முகவர் மாற்ற இயலாதவாறு காக்க வேண்டும். ஒவ்வொரு சிறு படியையும், லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய 'கிட்' கருவியில் பதிந்துகொண்டால், கெட்ட படியை மட்டும் நீக்கலாம்.

பல முகவர்களை ஒரே வேளையில் ஏவுவாரும் உளர். எனக்கு அதில் நாட்டமில்லை. ஐந்து முகவர்கள் எழுதுவதைப் படிக்க நான் ஒருவனே இருக்கிறேன்.

அந்த ஊழியரின் ரூபாய் மறுமாதச் சம்பளத்தில் சேர்க்கப்பட்டது. அந்தச் சோதனையை இப்பொழுது நானே எழுதி வைத்திருக்கிறேன்.