மண் அள்ளும் வண்டியில் ஏறுவதற்கு முன்



நம் கோவில்பட்டி வட்டாரம் வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் விதைக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி உளுந்தும் பாசியும் கம்பும் சோளமும் தை, மாசியில் வீடு வந்து சேருகின்றன. பருத்தி போட்டவர்களுக்கு மட்டும் பங்குனி, சித்திரை வரை காட்டு வேலை இருக்கும். அதற்குப் பிறகு அடுத்த மழை வரை கரிசல் வெடித்துக் கிடக்கும். வீட்டில் வாலிபப் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த மாதங்களில்தான் சாலை போடுவதும், கண்மாய் தூர் வாருவதும், பண்ணைக் குட்டை வெட்டுவதும், வீட்டுக்கு வானம் தோண்டுவதும் மும்முரமாக நடக்கின்றன. டிப்பர் ஓட்டவும் ஜே.சி.பி. இயக்கவும் ஆள் தேடுகிறார்கள். "சார், பயலை ஜே.சி.பி.க்கு அனுப்பலாமா?" என்று விதை வாங்க வருகிறவர்களே கேட்கிறார்கள். அனுப்பலாம். ஆனால் முறையாக அனுப்ப வேண்டும். அந்த முறையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் லைசென்ஸ். "பதினாறு வயசிலேயே டிராக்டர் ஓட்டுவான் சார்" என்று சில தகப்பனார்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். இது பெருமை இல்லை, ஆபத்து. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது நிரம்பாத பையன் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றவருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பிழைக்க வேண்டிய தொழில், தொடங்கும் முன்பே கை நழுவிவிடும்.

சரியான வழி இதுதான். 18 வயது நிரம்பியதும் கார், ஜீப் போன்ற இலகுரக வண்டிக்கு எல்.எல்.ஆர். போடுங்கள். அது 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்து ஓட்டிக் காட்டி நிரந்தர லைசென்ஸ் வாங்கலாம். அதை வாங்கி ஓராண்டு ஆகியிருக்க வேண்டும், வயதும் 20 நிரம்பியிருக்க வேண்டும். அப்போதுதான் லாரி, டிப்பர் போன்ற போக்குவரத்து வாகனத்துக்கு மனுச் செய்ய முடியும். அதற்கு டிரைவிங் ஸ்கூல் சான்றிதழும், டாக்டரின் உடல்தகுதிச் சான்றும் தேவை. எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்ற பழைய விதி 2019-ல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் சாலைப் பலகையைப் படிக்கத் தெரியாமல் லாரி ஓட்டப் புறப்படக் கூடாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக லைசென்ஸே போதும் என்று ஓட்டலாம் என, 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். இது சின்ன வண்டிகளுக்குத்தான். மண்ணும் ஜல்லியும் அடிக்கும் பெரிய டிப்பர் இதில் அடங்காது.

ஜே.சி.பி. விஷயம் சற்று வேறு. சக்கரம் வைத்த மண் தோண்டும் இயந்திரத்தைச் சட்டம் 'கட்டுமான இயந்திர வாகனம்' என்ற தனி வகையில் வைத்திருக்கிறது. சாலையில் ஓட்ட அதற்கும் லைசென்ஸ் வேண்டும். எந்த வகை எழுதப்பட வேண்டும் என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாம் ஹிட்டாச்சி என்று சொல்லும் சங்கிலிச் சக்கர இயந்திரத்தைச் சாலையில் ஓட்டுவதில்லை, டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோவார்கள்.

அடுத்தது, தொழில் பழகுவது. நம் பக்கத்தில் பெரும்பாலோர் ஹெல்பராகச் சேர்ந்துதான் ஆபரேட்டர் ஆகிறார்கள். இதில் தவறில்லை. ஆனால் லீவரைத் தொடும் முன் கிரீஸ் கன்னைத் தொட வேண்டும். பக்கெட்டும் கைகளும் சேரும் இடங்களில் உள்ள பின்னுக்கும் புஷ்ஷுக்கும் அன்றாடம் கிரீஸ் அடிக்க வேண்டும். என்ஜின் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், ஹைட்ராலிக் ஆயில் மூன்றையும் காலையில் பார்க்க வேண்டும். கோடையில் நம் கரிசல் தூசி ஏர் ஃபில்டரைச் சீக்கிரம் அடைத்துவிடும். இந்த வண்டிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கில்லை. ஓடிய மணிக் கணக்கில்தான் சர்வீஸ். மீட்டரைப் பார்த்து எழுதி வைக்கும் பையன் சீக்கிரம் முன்னுக்கு வருவான். வசதிப்பட்டால் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் ஓராண்டு டீசல் மெக்கானிக் படிப்பு படிக்கலாம். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்தும் பயிற்சிகளையும் விசாரித்துப் பார்க்கலாம்.

இனி, மண். இங்கேதான் விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சாதகம் இருக்கிறது. வெளியூர் டிரைவருக்குக் கரிசல் தெரியாது. மேலே காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். உள்ளே ஈரம் குடித்து உப்பியிருக்கும். பாரம் ஏற்றிய டிப்பர் அதன் மேல் நின்று தொட்டியைத் தூக்கினால் ஒரு பக்கச் சக்கரம் புதைந்து வண்டி சாய்ந்துவிடும். ஈரக் கரம்பை மண் தொட்டியின் தலைப்பக்கம் ஒட்டிக்கொண்டு இறங்காமல் நின்றாலும் இதே கதிதான். பாரம் உச்சியில் நிற்க, வண்டி குடை சாயும். ஆகவே சமதளத்தில் நிறுத்துங்கள். மேலே மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். தொட்டியை இறக்கிய பிறகே வண்டியை நகர்த்துங்கள்.

ஜே.சி.பி.யில் இருபுறக் கால்களையும் ஊன்றாமல் தோண்டக் கூடாது. தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் ஓரத்திலேயே குவிக்கவும் கூடாது. வெடித்த கரிசலின் பக்கச் சுவர் எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. பக்கெட் சுழலும் வட்டத்துக்குள் மனிதர் யாரும் நிற்கக் கூடாது, அது முதலாளியே ஆனாலும் சரி.

பண்ணைக் குட்டை வெட்டும்போது மேல் மண்ணைத் தனியே ஒதுக்கிவிட்டு ஆழத்துக்குப் போக வேண்டும். அடியில் சுக்கான் வரும். அதைக் காட்டில் பரப்பினால் விளைச்சல் போய்விடும். இதை யாரும் சொல்லாமலே செய்கிற ஆபரேட்டரைத்தான் சம்சாரிகள் தேடி வந்து கூப்பிடுவார்கள்.

கண்மாயில் கரம்பை அள்ளப் போகிறவர்கள் அனுமதிச் சீட்டைக் கண்ணால் பார்த்த பிறகே வண்டியைக் கிளப்புங்கள். விவசாயத்துக்கு வண்டல் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரும் முறை 2024-ல் வந்துவிட்டது. அனுமதி இல்லாத மண்ணைப் பிடித்தால் வண்டி பறிமுதல் ஆவதோடு, ஸ்டீயரிங்கில் இருக்கும் பிள்ளை மீதும் வழக்கு வரும். "முதலாளி சொன்னார், ஓட்டினேன்" என்பது அங்கே செல்லாது. அளவுக்கு மேல் பாரம் ஏற்றினாலும் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000 ரூபாய்.

கடைசியாகப் பணம். நாலு மாதம் ஓட்டிப் பழகியதும் சொந்த வண்டி ஆசை வரும். காட்டை அடகு வைத்து முன்பணம் கட்டுவார்கள். யோசித்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கரிசலில் எந்த வண்டியும் இறங்காது, ஆனால் தவணை நிற்காது. விதைக்கும் உரத்துக்கும் பணம் தேவைப்படுவதும் அதே நேரம்தான். இரண்டு பக்கமும் இடி. ஆகவே மூன்று, நான்கு வருஷமாவது சம்பளத்துக்கும் பேட்டாவுக்கும் வேலை பாருங்கள். எந்த மாதம் எத்தனை மணி நேரம் வண்டி ஓடியது என்று நோட்டில் எழுதி வாருங்கள். சொந்த வண்டி கட்டுப்படியாகுமா, ஆகாதா என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.

வளைகுடா நாடுகளுக்குப் போக நினைப்பவர்கள் பத்தாம் வகுப்பைத் தேறிவிட்டுப் போவது நல்லது. தேறாதவர்கள் அங்கே வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அரசிடம் பதிவு பெற்ற ஏஜெண்டா என்று பாருங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

பெரியோர்களே, இந்தத் தொழில் விவசாயத்துக்கு எதிரி அல்ல. மாசி முதல் ஆவணி வரை மெஷினில் சம்பாதிக்கலாம். மழை விழுந்து மண் வேலை நின்றதும் நம் காட்டில் இறங்கி உழலாம். இரண்டுக்கும் காலம் ஒத்து வருகிறது. பிள்ளைக்கு 18 ஆகிற அன்றே எல்.எல்.ஆர். போட்டுத் தொடங்குங்கள். அதற்கு ஒரு நாள் முன்னதாகவும் சாவியைக் கையில் கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.