சிட்னியில் இருந்தபடியே உலக சாம்பியன்



1950 வாக்கில் சதுரங்கத்தில் பெயர் எடுக்க வேண்டுமென்றால் ஐரோப்பாவுக்குப் போக வேண்டும். சிட்னிக்காரருக்கு அது ஒரு மாதத்துக்கும் மேலான கப்பல் பயணம். சிட்னியில் வாழ்ந்த சிசில் பர்டி வீட்டில் இருந்தபடியே, தபால் மூலம் ஆடி உலக சாம்பியன் ஆனார்.

1906இல் எகிப்தின் போர்ட் சயீதில் பிறந்தவர். நேருக்கு நேர் ஆட்டத்திலும் சளைத்தவர் இல்லை. நான்கு முறை ஆஸ்திரேலிய சாம்பியன்.

தபால் சதுரங்கத்தில் ஒரு நகர்த்தலை நான்கு எண்களில் எழுதிவிடலாம். வெள்ளை ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் போனால் 5254. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாவிட்டாலும் அது போதும். புத்தகம் பார்க்கலாம், பலகையில் காய்களை வைத்து நாள் கணக்கில் யோசிக்கலாம். விதியே இடம் கொடுக்கிறது. அதனால் தோற்றவர் நேரம் போதவில்லை என்று சொல்ல முடியாது. இந்த நேர்மைதான் எனக்கு இந்த ஆட்டத்தில் பிடித்தது.

முதல் உலகத் தபால் சதுரங்கப் போட்டியின் இறுதிச் சுற்று 1950இல் தொடங்கி 1953இல்தான் முடிந்தது. 14 பேர், ஒவ்வொருவருக்கும் 13 ஆட்டங்கள். பர்டி பத்தரைப் புள்ளி. ஸ்வீடனின் மால்ம்கிரெனும் இத்தாலியின் நப்போலித்தானோவும் பத்துப் பத்து. மூன்றாண்டு உழைப்பில் அரைப் புள்ளிதான் வித்தியாசம்!

பட்டத்தைவிட, அவர் நடத்திய பத்திரிகையையே நான் பெரிதாக நினைக்கிறேன். 1929இல் ‘ஆஸ்திரலேசியன் செஸ் ரெவ்யூ’ என்று தொடங்கினார். பெயர் மாறியது, ஆசிரியர் மாறவில்லை. 1967 வரை அவரே நடத்தினார். பெரிய ஆட்டக்காரர்களுக்காக அல்ல, சாதாரண ஆட்டக்காரர்களுக்காக எழுதினார். ஊருக்கு ஊர் நூற்றுக்கணக்கான மைல் விலகிக் கிடக்கும் நாட்டில், சதுரங்க மன்றமே இல்லாத சிற்றூருக்கும் ஒரு நல்ல ஆசிரியர் தபாலில் போய்ச் சேர்ந்தார்.

1979இல் சிட்னியில் ஒரு போட்டி ஆட்டத்தின் நடுவே மயங்கி விழுந்து காலமானார். அவர் எழுதியவற்றைப் பிற்பாடு நூல்களாகத் தொகுத்தார்கள். இன்றும் பயிற்சிக்குப் படிக்கிறார்கள்.

கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் ஆடுகிறவர்கள் இருப்பீர்கள். பர்டி வலியுறுத்திய ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன்: எதிராளி நகர்த்தியதும், அதனால் என்ன மாறியது என்று பாருங்கள். பிறகு பலகையில் சாத்தியமான எல்லா செக்குகளையும், எல்லா வெட்டுகளையும், உங்கள் பக்கம் மட்டுமல்ல, எதிராளி பக்கமும் பாருங்கள். அதுவரை காயைத் தொடாதீர்கள்.